கடை கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டப் போறீங்களா? முதல்ல தண்ணிய மாத்துங்க

கிருஷ்ணகிரி ராயக்கோட்டை ரோட்டுல மேற்கு பாத்த கடை வச்சிருக்கவங்களுக்குத் தெரியும், மூணு மணிக்கு மேல ஏசி ஓடியும் வேர்த்து ஊத்தும். அதுக்குத்தான் சோலார் ஃபிலிம். செக்யூரிட்டி ஃபிலிம் வேற, கண்ணாடி உடைஞ்சா சில்லு சிதறாம புடிச்சு வைக்கும், ஆனா உடையாமத் தடுக்காது, இத கஸ்டமர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. தடிமன் பாத்தா சோலார் சுமாரா 50 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) இருக்கும், செக்யூரிட்டி 100ல ஆரம்பம், கடை முகப்புக்கு 200 போடலாம்.

கண்ணாடி வகையப் பாருங்க. கம்பி வலை பதிச்சது, ரெட்டைக் கண்ணாடி, ஓரத்துல விரிசல் விட்டது இதுல எல்லாம் டார்க் ஃபிலிம் ஒட்டினா நடுவுல சூடேறி ஃப்ரேமுக்குள்ள இருக்கிற ஓரம் சூடாகாம கண்ணாடியே விரிஞ்சிடும், எந்தக் கண்ணாடிக்கு எந்த ஃபிலிம்னு சொல்ற ஃபிலிம் கம்பெனி சார்ட்டப் பாக்காம கை வைக்காதீங்க.

இப்ப தண்ணி. கண்ணாடியையும் ஃபிலிமோட கோந்து பக்கத்தையும் தண்ணி ஸ்ப்ரே அடிச்சு நனைச்சுதான் ஒட்டணும். நம்ம ஊரு போர் தண்ணி உப்பு. நான் முதல் வேலைல அதையே அடிச்சு ஒட்டினேன், காஞ்சதும் உள்ள வெள்ளைத் திட்டு, மொத்தத்தையும் உரிச்சு என் காசுல திரும்ப ஒட்டிக் குடுத்தேன். அதனால கேன் தண்ணி வாங்குங்க, ஒரு லிட்டருக்கு நாலஞ்சு சொட்டு பேபி ஷாம்பு போதும்.

ஃபேன ஆஃப் பண்ணி, தரைல தண்ணி தெளிச்சு தூசிய அடக்குங்க, ஹைவே ஓரக் கடைன்னா இது ரொம்ப முக்கியம். கண்ணாடியோட உள்பக்கம் நல்லா நனைச்சு, புது பிளேடால ஒரே திசைல சுரண்டி, ரப்பர் பீடிங் (கண்ணாடிய ஃப்ரேமோட புடிச்சு வைக்கிற ரப்பர் பட்டை) மூலையத் துடைச்சு, இதையே ரெண்டு தடவ பண்ணுங்க. ஃபிலிம சுத்தி ஒரு இஞ்ச் கூட விட்டு வெட்டி, மூலைல ஃபிலிமோட முன்னாடியும் பின்னாடியும் செலோடேப் ஒட்டி இழுத்தா லைனர் (கோந்த மூடியிருக்கிற மெல்லிய ஷீட்) பிரிஞ்சு வரும், பிரிக்கப் பிரிக்க கோந்து பக்கம் ஸ்ப்ரே அடிச்சுக்கிட்டே வரணும். கண்ணாடில வச்சு நகர்த்தி சரி பண்ணி, மேல தண்ணி அடிச்சு, ஸ்க்வீஜியால (தண்ணிய வழிச்சுத் தள்ளுற பட்டை) நடுவுல இருந்து ஓரத்துக்குத் தள்ளுங்க. ஓரத்துல 1, 2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு வெட்டி மறுபடி தள்ளுங்க. 200 மைக்ரானுக்கு ஆள் ரெண்டு வேணும், கையில பலமும் வேணும்.

செக்யூரிட்டி ஃபிலிம்னா ஓரம் காஞ்சப்புறம் ஃபிலிமையும் ஃப்ரேமையும் சேத்து ஸ்ட்ரக்சுரல் சிலிக்கான் (பலமா புடிக்கிற சிலிக்கான் பசை) அடிங்க, இல்லன்னா பலமா அடி விழுந்தா உடைஞ்ச கண்ணாடி ஃபிலிமோட சேர்ந்து முழுசா வெளிய வந்துடும்.

30 நாள் துடைக்கக் கூடாது. பால் மாதிரி மங்கலும் சின்ன தண்ணிக் குமிழும் தானா போயிடும், மார்கழில ஒட்டினா இன்னும் கொஞ்சம் லேட்டாகும், ஊசியால குத்தாதீங்க. அதுக்கப்புறமும் அம்மோனியா கலந்த கிளீனர் வேண்டாம், ஷாம்பு தண்ணியும் மெத்துன்னு ஒரு துணியும் போதும்.