டிரில்லிங் மெஷினில் மில்லிங் செய்யலாமா?

டிரில்லிங் மெஷினும் செங்குத்து மில்லிங் மெஷினும் தோற்றத்தில் அண்ணன் தம்பி மாதிரி. மேலே மோட்டார், நடுவே சுழலும் ஸ்பிண்டில், கீழே டேபிள். அதனால் "டிரில்லிங் மெஷினிலேயே எண்ட் மில்லை (பக்கவாட்டில் நகர்த்தி உலோகத்தைச் சீவும் கருவி) மாட்டி ஓட்டினால் என்ன?" என்று கேட்பவர்கள் நிறைய. ஓட்டக் கூடாது. டிரில் பிட் கீழ்நோக்கி அழுத்தி வெட்டுகிறது. எண்ட் மில்லுக்கோ பெரும்பாலும் பக்கவாட்டு விசை வருகிறது. இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் மோட்டாரின் குதிரைத்திறனையும் விலையையும் மட்டும் ஒப்பிடுவதுதான் அடிப்படைத் தவறு.

பிட்டைப் பிடிக்கும் சக் விஷயத்தையே பாருங்கள். பெரும்பாலான டிரில்லிங் மெஷின்களில் சக்கைப் பிடித்திருப்பது டேப்பரில் (கூம்பு வடிவப் பொருத்தில்) உள்ள உராய்வு மட்டும்தான். கீழே அழுத்தும்போது அது இன்னும் இறுகும். ஆனால் பக்கவாட்டு விசையும் அதிர்வும் சேர்ந்தால் தளர்ந்து, சுழன்றுகொண்டிருக்கும்போதே கழன்று விழும். மில்லிங் மெஷினில் டிராபார் என்ற நீண்ட போல்ட் டேப்பரை மேலிருந்து இழுத்துப் பிடிக்கிறது. டிரில்லிங் மெஷினின் பேரிங்குகளும் பக்கச் சுமையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. "அலுமினியம்தானே, அரை மில்லிமீட்டர்தானே" என்ற சமாதானத்தை இந்த இடத்தில் நான் ஏற்கவே மாட்டேன்.

சரி, மில்லிங் மெஷின் இருக்கிறது. அப்போதும் சிலர் எண்ட் மில்லை டிரில் சக்கில் பிடிக்கிறார்கள். எண்ட் மில்லின் கடினமான ஷாங்க்கை (பிடிப்புத் தண்டை) சக்கின் மூன்று தாடைகள் மெல்லிய கோடுகளாகத்தான் தொடுகின்றன. வெட்டும்போது எண்ட் மில் மெல்லக் கீழே இறங்கும், பள்ளத்தின் ஆழம் கூடிக்கொண்டே போகும். தண்டைச் சுற்றிலும் இறுக்கிப் பிடிக்கும் கோலெட்டில்தான் பிடிக்க வேண்டும். அப்புறம், எல்லா எண்ட் மில்லையும் டிரில் மாதிரி நேராக இறக்க முடியாது. நுனியின் நடுப்பகுதிவரை வெட்டும் விளிம்பு இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேகத்தைப் பழக்கத்தில் வைப்பதும் தவறுதான். வெட்டு வேகத்தை (மீட்டர்/நிமிடம்) 1000ஆல் பெருக்கி, 3.14ஆலும் கருவியின் விட்டத்தாலும் (மி.மீ.) வகுத்தால் நிமிடச் சுற்று கிடைக்கும். மைல்ட் ஸ்டீலில் 10 மி.மீ. ஹைஸ்பீட் ஸ்டீல் டிரில்லுக்கு 25 மீட்டர் என்று எடுத்தால், சுமார் 800 சுற்று.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: மில்லிங் மெஷின் வாங்கினால் டிரில்லிங் மெஷின் தேவையில்லை என்று நினைப்பது. மில்லிங் மெஷின் டயலால் துளையின் இடம் துல்லியமாக அமையும். ஆனால் துளையின் அளவு டிரில் பிட் தருவதுதான், அளவு சரியாக வர ரீமர் (துளையை நுணுக்கமாகச் சீவி அளவுக்குக் கொண்டுவரும் கருவி) போடுவது போன்ற வேலை வேண்டும். டேபிளில் ஏற்ற முடியாத பெரிய ஜாப் (வேலைப் பொருள்) என்றால், நகர்த்தக்கூடிய கையில் டிரில் தலை உள்ள ரேடியல் டிரில்தான் வசதி.

டிரில்லிங்கில் விசை கீழ்நோக்கித்தானே என்று ஜாப்பைக் கையால் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். பிட் மறுபக்கம் துளைத்து வெளியேறும் நொடியில் தகட்டைக் கவ்விச் சுழற்றிவிடும். சின்னத் துளையானாலும் வைஸிலோ கிளாம்ப்பிலோ இறுக்கிய பிறகே லீவரைத் தொடுங்கள்.