இரண்டு உயில், ஒரே காப்பாளர்: என் அனுபவம்

நாங்கள் இருவரும் இல்லாமல் போனால் ஆறு வயது மகளுக்கு என் தங்கையே காப்பாளராக வேண்டும் என்று உயில் எழுதிவிட்டு, அது செல்லுமா என்ற ஐயம் தீராமல் பத்து நாட்கள் அலைந்தேன். முதலில் முத்திரைத்தாள் வாங்கினேன். உயிலுக்கு அது தேவையே இல்லை. பதிவு செய்தால் சரியாகும் என்று பிறகு நினைத்தேன். பதிவு நல்லதுதான், ஆனால் கட்டாயமில்லை.

வரைவைப் படித்த வழக்கறிஞர், "உங்கள் மனைவியின் உயில் எங்கே?" என்று கேட்டபோதுதான் விஷயம் பிடிபட்டது. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் காப்பாளர் சட்டத்தின் 9ஆவது பிரிவின்படி, தந்தை முதலில் இறந்தால் அவர் செய்த நியமனம் செயலற்றுக் கிடக்கும். பின்னர் தாய் தன் உயிலில் எவரையும் நியமிக்காமல் இறந்தால் மட்டுமே அது உயிர்பெறும். என் மனைவியோ, மகள் பிறந்த ஆண்டிலேயே தன் அண்ணனைக் காப்பாளராக எழுதி, நகைப்பெட்டியின் அடியில் கடை ரசீதுகளோடு மடித்து வைத்திருந்தார்.

தங்கையின் சம்மதத்தைப் பெற்று, மைத்துனரிடமும் பேசிவிட்டு, முந்தைய உயில்களை ரத்துசெய்யும் வரியோடு, இருவரும் தனித்தனியாக வெள்ளைத்தாளில் எழுதினோம்: காப்பாளர் தங்கை, அவரால் இயலாவிட்டால் மைத்துனர். தங்கையின் முன்னெழுத்து ஆதாரில் கணவருடையதாகவும் பள்ளிச் சான்றிதழில் அப்பாவுடையதாகவும் இருந்ததால், இரண்டையும் குறிப்பிட்டோம். எங்கள் கையெழுத்தை நேரில் பார்த்த இரண்டு சாட்சிகள், எங்கள் முன்னிலையிலேயே தாங்களும் கையெழுத்திட்டனர். அன்றிரவுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.