கொடுத்ததாகவா, கொடுத்ததையா? சாட்சி சொல்லப் போகிறவர்களுக்கு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வக்கீலிடம் 22 வருடமாகக் குமாஸ்தாவாக இருக்கிறேன். சம்மனை நான்காக மடித்து மஞ்சப்பைக்குள் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "நான் என்ன தப்பு பண்ணேன், எங்கிட்ட எதுக்கு வாக்குமூலம்?"

செய்தித்தாளில் 'பரபரப்பு வாக்குமூலம்' என்று படித்துப் படித்து வந்த பயம் இது. குற்றத்தை ஒத்துக்கொள்வதற்கு ஒப்புதல் வாக்குமூலம் என்று தனிப் பெயர் இருக்கிறது. வெறும் வாக்குமூலம் என்றால் நீங்கள் சொல்ல, இன்னொருவர் எழுதிக்கொண்ட விவரம். அதில் பயப்பட ஒன்றுமில்லை.

சாட்சி என்பது ஆள். சாட்சியம் என்பது அந்த ஆள் கோர்ட்டில் சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொண்டு சொல்வது. பேச்சில் சாட்சி சொல்கிறோம், எழுத்தில் சாட்சியம் அளிக்கிறோம். "மூன்று சாட்சியங்கள் வந்திருந்தார்கள்" என்று மனுவில் எழுதிவிடாதீர்கள், வந்தது சாட்சிகள். (குறளில் சாட்சிக்குக் 'கரி' என்ற சொல் வருகிறது. பொய்ச்சாட்சியைச் சிலப்பதிகாரம் 'பொய்க்கரி' என்கிறது. அந்தச் சொல் வழக்கொழிந்து போனதில் எனக்கு வருத்தம் உண்டு.)

விசாரணையின்போது போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. போடக்கூடாது என்றே சட்டம் சொல்கிறது. ஆனால் கூண்டில் ஏறிப் பிரமாணம் எடுத்த பிறகு பேச்சின் எடையே வேறு. தெரிந்தே பொய் சொன்னால் 7 வருடம் வரை சிறை உண்டு. பிரமாணம் எடுக்க எந்தப் புத்தகத்தின் மீதும் கை வைக்கத் தேவையில்லை. 1969-ஆம் வருடச் சட்டப்படி கடவுள் பெயரால் சொல்லலாம், கடவுள் நம்பிக்கை இல்லாதவர் உளமார உறுதி கூறலாம். இரண்டுக்கும் ஒரே மதிப்பு. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு, உண்மை பேச வேண்டும் என்பது புரிந்து பிரமாணம் என்றால் என்னவென்று புரியாவிட்டால், பிரமாணம் இல்லாமலே விசாரிப்பார்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம்.

சிவில் வழக்கில் முதல் விசாரணையை, அதாவது சாட்சி தன் தரப்பு வக்கீலுக்குச் சொல்கிற பதிலை, பெரும்பாலும் பிரமாண வாக்குமூலமாகத் தட்டச்சு செய்தே தாக்கல் செய்துவிடுவோம். புரூஃப் அஃபிடவிட் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பல வருடத்துக்கு முன்னால் ஒரு புரோநோட்டு வழக்கு. தேவனாம்பட்டினத்திலிருந்து மீன் விற்கும் ஓர் அம்மா சாட்சியாக வந்தார். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, "எங்க வீட்டுக்காரர் உயிரோட இருந்தப்ப, பணம் கொடுத்ததாச் சொன்னாரு" என்றார். நான் அவசரத்தில் 'பணம் கொடுத்ததை நான் நேரில் அறிவேன்' என்று அடித்துவிட்டேன். படித்துக் காட்டவும் இல்லை. அவரும் நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அமைதியாகத்தான் கேட்டார்: "பணம் எண்ணும்போது நீங்க எங்கம்மா இருந்தீங்க?"

"முதுநகர் துறைமுகத்துக்கு மீன் எடுக்கப் போயிருந்தேங்க."

"அப்ப நாலாவது பத்தியில இருக்கறது பொய்யா?"

அந்த அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். அவர் பொய் சொல்லவில்லை. நான் அடித்த ஒரு 'ஐ' அவரைப் பொய் சொன்னவராக்கி நிறுத்தியது. வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்டேன். "எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு உனக்குத் தெரியுமே தம்பி" என்று மட்டும் சொன்னார். இன்றும் அந்தக் குரல் காதில் இருக்கிறது.

'கொடுத்ததாக' என்றால் காதால் கேட்டது. 'கொடுத்ததை' என்றால் கண்ணால் கண்டது. தமிழ் இந்த வித்தியாசத்தை ஓர் உருபில் வைத்திருக்கிறது, வழக்கே அதில்தான் நிற்கும். 2024 ஜூலை 1 முதல், 1872-ஆம் வருடச் சாட்சியச் சட்டம் போய் பாரதிய சாக்ஷிய அதிநியம் வந்து, பிரிவு எண்களெல்லாம் மாறிவிட்டன. ஆனால் பார்த்ததைப் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும் என்ற விதி மாறவில்லை. அடுத்தவர் சொல்லிக் கேட்டதற்குச் சில விதிவிலக்குகள் உண்டு, மரண வாக்குமூலம் அதில் ஒன்று. நம்முடைய கதை அதில் சேருமா என்பதை வக்கீல் பார்த்துக்கொள்வார். நீங்கள் கேட்டதைக் கேட்டதாகவே சொல்லுங்கள்.

அப்புறம், அடிக்கணக்கு, மணிக்கணக்கு. எத்தனை அடி தூரம் என்று கேட்டால் ஊகமாக ஓர் எண்ணை விடாதீர்கள். ஒரு பெரியவர் எல்லைத் தகராறு வழக்கில், "இந்தக் கூண்டிலேருந்து அந்த ஜன்னல் வரைக்கும் இருக்கும்" என்று கை காட்டினார். அதற்கு மேல் அவரை யாராலும் அசைக்க முடியவில்லை. கேள்வி புரியவில்லை என்றால், "புரியலைங்க ஐயா" என்று நீதிபதியைப் பார்த்துச் சொல்லலாம். மறந்து போயிருந்தால் ஞாபகம் இல்லை என்பதே சரியான பதில்.

சாட்சியம் முடிந்ததும் பதிவானதைப் படித்துக் காட்டுவார்கள். பசிக்கிறது, கடைசி பஸ் போய்விடும் என்று கையெழுத்துக்கு அவசரப்படாதீர்கள். தப்பு இருந்தால் அங்கேயே சொல்லுங்கள், குறித்துக்கொள்வார்கள். வக்கீல் அலுவலகத்தில் அடித்த அஃபிடவிட் என்றால் குமாஸ்தாவை உட்காரவைத்து வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள். நான் இப்போது இரண்டு முறை படிக்கிறேன். 'பார்த்தேன்', 'அறிவேன்' வருகிற இடத்திலெல்லாம் நிறுத்தி, "நீங்க பார்த்தீங்களா, யாராவது சொன்னாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறேன்.