பைக் ஹேண்டில் கனமா இருக்கா? டயர மாத்துறதுக்கு முன்ன இத பாருங்க

நம்ம குமரி மாவட்டத்துல பைக்குல ஆள் மட்டுமா போகுது, ரப்பர் ஷீட் கட்டு, வாழைக்குலை, மீன் பெட்டி எல்லாம் அதுலதான் போகுது. குலசேகரத்துல இருந்து மார்த்தாண்டத்துக்கு ஷீட் கொண்டு போற என் ஸ்பிளெண்டர், போன மழைக்கு பிறகு வளைவுல திரும்பவே மாட்டேன்னு நின்னுது, பைய போனா நேர் ரோட்டுலயே அங்கயும் இங்கயும் ஆடுச்சு. ஒரு ஒர்க்‌ஷாப்புல காட்டினா முன் டயர் போச்சுன்னு புது டயர் போட்டு விட்டாங்க, காசு போனதுதான் மிச்சம், ஹேண்டில் அப்பிடியேதான் இருந்துச்சு. பிறகு வீட்டு முத்தத்துல வச்சு ஒண்ணொண்ணா நானே பாத்தப்பம்தான் காரணம் பிடிபட்டுது.

மொதல்ல காத்து. காலைல வண்டி எடுக்கதுக்கு முன்ன, டயர் சூடாகாம இருக்கும்போதே பாக்கணும். என் வண்டிக்கு முன்னாடி 25, ஒத்தைக்கு போனா பின்னாடி 28, உங்க வண்டிக்கு எவ்வளவுன்னு வண்டி புக்குல இருக்கும். முன்னாடி காத்து கொறஞ்சா ஹேண்டில் கல்லு மாதிரி ஆகும், பாதி பேருக்கு பிரச்சனை இதோட தீந்துரும்.

தீரலன்னா கோன் செட்டாக்கும். ஹேண்டில் தண்டுக்கு மேலயும் கீழயும் ஸ்டீல் பால் ஓடுற கிண்ணம் இருக்கு, நமக்கு ஜூன்ல வர எடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, ரெண்டு மழைத் தண்ணியும் இறங்கி கிரீஸ் போயிரும். மெயின் ஸ்டாண்ட் போட்டு ஒரு ஆள பின்னாடி கேரியர அமுக்கச் சொல்லுங்க, முன் வீல் தரைய விட்டு தூக்கணும். ஹேண்டில நடுவுல வச்சு ஒத்த விரலால லேசா தள்ளி விடுங்க, அது தானாவே கடைசி வரைக்கும் போய் விழணும், ரெண்டு பக்கமும் அப்பிடித்தான். என் வண்டில பாதில நின்னுது, யாரோ கோன அளவுக்கு மேல முறுக்கி வச்சிருக்காங்க. நேரா வரும்போது ஒரு குழில உக்காருற மாதிரி கடக்குன்னு பிடிச்சா கிண்ணத்துல பள்ளம் விழுந்தாச்சு, செட்ட மாத்தித்தான் ஆகணும், முறுக்கி ஒரு பிரயோஜனமும் இல்ல. அதே மாதிரி முன் வீல ரெண்டு பக்கமும் பிடிச்சிருக்க ஃபோர்க் பைப்ப கீழ பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டுங்க, டக் டக்னு ஆடினா கோன் லூசு.

அட்ஜஸ்ட் பண்ண, மேல நடுவுல இருக்க பெரிய நட்ட லூஸ் பண்ணி, அதுக்கு கீழ பல்லு வெட்டின ரிங் நட்ட கொக்கி ஸ்பேனரால திருப்பணும். உளி வச்சு சுத்தியலால அடிக்காதீங்க, பல்லு போயிரும். ரொம்ப லூஸ் பண்ணினா பால் எல்லாம் உதிரும், அதையும் பாத்துக்கிடணும். கொஞ்சம் முறுக்கி, ஹேண்டில கடைசிக்கு கடைசி நாலஞ்சு தடவ திருப்பி, பிறகு ஹேண்டில் தானா விழுற அளவுக்கு துளி துளியா லூஸ் பண்ணுங்க, ஆட்டம் மட்டும் இருக்கக் கூடாது. மேல் நட்ட முறுக்கினதும் மறுபடி ஒருக்க டெஸ்ட் பண்ணணும், ஏன்னா அந்த நட்டு கீழ உள்ள ரிங்கையும் அமுக்கி இறுக்கிரும், எல்லாரும் விடுறது இங்கதான். கிளட்ச் வயர், ஆக்ஸிலேட்டர் வயர் திருப்பும்போது இழுத்துப் பிடிக்கான்னும் பாத்துருங்க.

லோடு ஏத்துறவங்களுக்கு இன்னொரு காரியம் உண்டு. பின்னாடி அமுங்கினா முன்பக்கம் தூக்கும், ஃபோர்க் சாஞ்சு நிக்கும், சாயச் சாய வண்டி மந்தமா திரும்பும், வேகத்துல முன்பக்கம் லேசாகி ஆடவும் செய்யும். பின் ஷாக்குக்கு கீழ படி படியா வெட்டின வளையம் இருக்கும், ஸ்பிளெண்டர்ல 5 படி. லோடு ஏத்துற அன்னைக்கு ஒண்ணு ரெண்டு படி ஏத்துங்க, ரெண்டு பக்கமும் ஒரே படி, அது முக்கியம். ஆள் மட்டும் போறப்பம் இறக்கிருங்க, இல்லன்னா முதுகு போயிரும். லோட முடிஞ்ச அளவுக்கு சீட்டு பக்கம் தள்ளிக் கட்டுங்க, கேரியர் நுனில தொங்க விட்டா எத்தன படி ஏத்தினாலும் கேக்காது.

குளச்சல், முட்டம்னு கடல் ஓரத்துல ஓட்டுறவங்க ஃபோர்க் பைப்ப விரலால தடவிப் பாருங்க. உப்புக்காத்துல துரு ஏறி சொரசொரன்னு இருந்தா அது ஆயில் சீல அறுத்துரும், ஆயில் ஒழுகும், பிரேக் பிடிச்சா மூக்கு குத்தும். துரு ஏறாம இருக்க வாரம் ஒருக்க நல்ல தண்ணி ஊத்திக் கழுவுங்க.

விழுந்து ஹேண்டில் கோணிப்போச்சுன்னா, ரெண்டு ஃபோர்க் பைப்பையும் சேத்துப் பிடிச்சிருக்க டீங்கிற கிளாம்போட போல்ட்ட லூஸ் பண்ணி, முன் வீல கால் முட்டுக்கு இடைல இறுக்கி வச்சு ஹேண்டில நேராக்கி முறுக்குங்க. பைப்பே வளஞ்சிருந்தா நீங்க செய்யாதீங்க, மெக்கானிக் கிட்ட கொண்டு போங்க.

எல்லாம் முடிஞ்சதும் லோடு இல்லாம ஆள் இல்லாத ரோட்டுல ஒருக்க ஓட்டிப் பாருங்க, பிறகு லோடோட. நான் பேச்சிப்பாறை ரோட்டுல வளைவா பாத்து ஓட்டினேன், ரெண்டு கையும் சும்மா வச்சாலே திரும்புச்சு.