கோழி வளர்ப்பில் நான் செய்த தவறுகள், நீங்கள் செய்ய வேண்டாதவை

போன மாதம் நண்பர் ஒருவர் ஒரு படம் அனுப்பினார். அவருடைய தோட்டத்துக் கூட்டுக்குள் ஆறு கோழிகள், நடுவில் ஒரே தண்ணீர்ச் சட்டி. "நாலோடு ரெண்டு சேர்ந்தாச்சு, காலையில்தான் வாங்கி வந்தேன்" என்று கீழே எழுதியிருந்தார். அவருக்குச் சந்தோஷம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. உடனே கூப்பிட்டு, புது இரண்டையும் பிரித்துவிடச் சொன்னேன். "ஏன், சண்டையே போடலையே?" என்றார்.

சண்டையைப் பற்றி நான் கவலைப்படவில்லை. ஏழு வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் செய்தேன். அதற்கு மூன்று வருடம் அனுபவித்தேன். இந்த ஒரு வருடத்தில் மட்டும் மூன்று பேர் அதே தவறைச் செய்வதைப் பார்த்துவிட்டதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தண்ணீர் வைக்க மறப்பது, இரவில் கதவைச் சாத்தாமல் விடுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றைச் செய்தால் ஒரே நாளில் பாடம் கிடைத்துவிடும். தவறு என்றே தெரியாமல் செய்பவைதான் ஆபத்து.

கோழி முதலில், கூடு அப்புறம்

"ஞாயிற்றுக்கிழமை கூடு அடித்துக்கொள்ளலாம்" என்று கோழியை அட்டைப்பெட்டியில் கொண்டுவருகிறவர்களுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை வருவதே இல்லை.

கோழி வலையை நம்புவது

அறுகோணக் கண் வைத்த மெல்லிய கம்பி வலையைத்தான் எல்லோரும் கோழி வலை என்று வாங்குகிறார்கள். அது கோழியை உள்ளே வைத்திருக்கும், அவ்வளவுதான். நாய் அதைப் பல்லால் கிழித்துவிடும். எலிக்கும் பாம்புக்கும் அந்தக் கண்ணே வாசல். இரவு அடையும் கூட்டுக்கு அரை அங்குலக் கண் உள்ள, பற்றவைத்த கெட்டிக் கம்பி வலை வேண்டும்.

தோண்டி வரும் பிராணிகளுக்காக வலையைச் செங்குத்தாக ஆழத்தில் புதைக்க வேண்டும் என்று நினைத்து முதுகை ஒடித்துக்கொண்டவன் நான். அது தேவையே இல்லை. வலையின் அடிப்பகுதியை ஓர் அடி அகலத்துக்கு வெளிப்பக்கமாக மடித்துத் தரையில் படுக்க வைத்து, மேலே மண்ணைப் போட்டால் போதும். தோண்டுகிற பிராணி சுவரை ஒட்டித்தான் தோண்டும். கம்பி தட்டினால் இன்னும் கொஞ்சம் ஒட்டித் தோண்டுமே தவிர, ஓர் அடி பின்னால் போய் ஆரம்பிக்க வேண்டும் என்று அதற்குத் தோன்றாது.

புதுக் கோழியை அன்றைக்கே உள்ளே விடுவது

இப்போது அந்த மூன்று வருடக் கதை.

என்னிடம் ஐந்து பெட்டைகள் இருந்தன. ஒன்றரை வயது, நன்றாக முட்டையிட்டுக்கொண்டிருந்த சமயம். ஆசை யாரை விட்டது? இன்னும் இரண்டு விடைக்கோழிகள், அதாவது முட்டையிடும் பருவத்தை எட்டுகிற இளம் பெட்டைகள், வாங்கினேன். கண் பளபளவென்று இருந்தது, கொண்டை சிவப்பு, இறகு மினுமினுப்பு. விற்றவர் "தடுப்பூசி எல்லாம் போட்டாச்சு" என்றார். பொய் சொல்லியிருக்க மாட்டார். அப்போது எனக்கு ஒரு தந்திரம் வேறு தெரிந்திருந்தது: இருட்டிய பிறகு புதுக் கோழியைப் பழைய கோழிகளுக்கு நடுவே பரணில் உட்கார வைத்துவிட்டால், விடிந்ததும் சண்டை குறைவாக இருக்கும். அப்படியே செய்தேன். காலையில் பெரிய சண்டை இல்லை. எனக்கு ஒரே பெருமை.

நான்காம் நாள் பழைய கோழி ஒன்று தும்மியது. கோழி தும்முவது சின்னச் சத்தம்தான். தூசி என்று விட்டுவிட்டேன். மறுநாள் அதன் கண்ணோரத்தில் சோப்பு நுரை போல இரண்டு குமிழ். அதற்கடுத்த நாள் ஒரு பக்க முகம் வீங்கிக் கண் மூடிக்கொண்டது. மூக்கிலிருந்து வடிந்தது ஒரு நாற்றம். அந்த நாற்றத்தை ஒரு முறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். கால்நடை மருத்துவர் கூட்டுக்குள் தலையை நுழைத்ததுமே "கொரைசா" என்றார். கோழிக்குக் கோழி தொற்றும் ஒரு சளி நோய் அது. ஐந்தும் படுத்துவிட்டன. இரண்டு கோழிகள் இரண்டு கண்ணும் மூடி, தீவனம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் மெலிந்து செத்தன. மற்ற மூன்றும் மருந்தில் பிழைத்தன, ஆனால் இரண்டு மாதம் முட்டை இல்லை.

புதிதாக வந்த இரண்டும்? ஒரு தும்மல்கூட இல்லை. வெகு ஜோராக மேய்ந்துகொண்டிருந்தன.

இதுதான் எனக்கு இன்றுவரை எரிச்சல். "நல்லாத்தானே இருக்கு" என்று பார்த்து வாங்கினேன், அவை நல்லாத்தான் இருந்தன. முன்பே ஒருமுறை அந்தச் சீக்கு வந்து தேறிய கோழிகள் அவை. தேறிய பிறகும் கிருமி உடம்பிலேயே தங்கிவிடும். பெட்டியில் அடைத்து வண்டியில் கொண்டுவந்த அலைச்சலில் அது மறுபடி வெளியே வந்து, தண்ணீர்ச் சட்டி வழியாக மற்றவற்றுக்குப் போய்விட்டது. கொரைசாவுக்கு ஒன்று முதல் மூன்று நாள் போதும், அறிகுறி தெரிந்துவிடும். மைக்கோபிளாஸ்மா என்ற இன்னொரு சளி நோய்க்கு மூன்று வாரம்கூட ஆகும். வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய்க்கு இரண்டு நாளும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம்.

அந்தத் தடுப்பூசி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நோய்க்குப் போட்ட ஊசி இன்னொரு நோயைத் தடுக்காது. வெள்ளைக்கழிச்சலுக்கு ஊசி போட்ட கோழிக்கு நோய் கடுமையாகாது. ஆனால் கிருமி தொற்றினால் அது வெளியே பரப்பவும் செய்யலாம். ஊசி அந்தக் கோழிக்குத்தான் கவசம். உங்கள் கூட்டுக்கு இல்லை.

சரி, மூன்று பிழைத்தன, கதை முடிந்தது என்று நினைத்தேன். மருத்துவர்தான் உடைத்துச் சொன்னார்: மருந்து அறிகுறியை அடக்கும், கிருமியை முழுக்க விரட்டாது. பிழைத்த மூன்றும் வந்த இரண்டும் இனிமேல் ஆயுசுக்கும் கிருமி சுமப்பவை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கூட்டத்துக்குள் புதிதாக எதை விட்டாலும் அதற்கும் வரும். இதிலிருந்து யாருக்கும் ஒரு கோழி கொடுக்க முடியாது. கடைசிக் கோழி போகும்வரை மூன்று வருடம் அப்படியே இருந்தேன். அப்புறம் கூட்டைக் கழுவி, வெயிலில் காய விட்டு, இரண்டு மாதம் காலியாக வைத்திருந்து, மறுபடி தொடங்கினேன்.

புதுக் கோழியை 30 நாள் தனியே வையுங்கள். சொல்வது சுலபம். செய்யும்போது எங்கே ஓட்டை விழுகிறது என்றால், பெரும்பாலும் நம் கையிலும் செருப்பிலும்தான். தனிக் கூண்டைத் தோட்டத்தின் அடுத்த கோடியில் வைத்துவிட்டு, அதே கிண்ணத்தால் இரண்டு பக்கமும் தண்ணீர் ஊற்றுவார்கள். பழைய கோழிகளின் வேலையை முதலில் முடியுங்கள், அப்புறம் புதுக் கோழியிடம் போங்கள், பிறகு கை கழுவுங்கள். தனிக் கூண்டுக்கென்று ஒரு ஜோடி பழைய செருப்பு, தனிச் சட்டி, தனித் துடைப்பம். இருபதாம் நாள் இன்னொரு கோழியை அதனுடன் சேர்த்தால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து.

இந்த 30 நாளும் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தால் பயனில்லை. கோழி தன் சீக்கை மறைக்கிற பிராணி. கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு தூங்கி வழிய ஆரம்பிக்கும்போது நோய் பாதி முற்றியிருக்கும். வாரம் ஒரு நாள் இரவில் டார்ச்சோடு போய்க் கையில் எடுங்கள். இருட்டில் அடம்பிடிக்காது. மார்பெலும்பைத் தடவுங்கள். இரண்டு பக்கமும் சதை இல்லாமல் கத்தி விளிம்பு போலத் தட்டினால் உள்ளே ஏதோ தின்கிறது. ஆசனவாய்க்குக் கீழே இறகைப் பிரித்துப் பாருங்கள். இறகின் அடிக்காம்பில் வெள்ளையாகக் கட்டி கட்டியாக ஒட்டியிருந்தால் பேன் முட்டை. கால் செதில்கள் படிந்து வழவழப்பாக இருக்க வேண்டும். தூக்கிக்கொண்டு சொரசொரவென்று இருந்தால் செதிலுக்கு அடியில் செள்ளு குடியிருக்கிறது.

இதையும் மீறி, என்னுடைய இரண்டு கோழிகளைப் போல எந்த அறிகுறியும் காட்டாதவை இருக்கும். அதற்கு ஒரே வழி: 30 நாள் முடிந்ததும் பழைய கோழிகளில் ஒன்றை மட்டும் எடுத்துப் புதியவற்றோடு இரண்டு வாரம் விடுங்கள். அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் மற்றவற்றுக்கும் ஆகாமல் இருக்க வாய்ப்பு அதிகம். கல் நெஞ்சு என்று சிலர் என்னிடம் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றைப் பணயம் வைப்பதா, ஐந்தை வைப்பதா என்பதுதான் கேள்வி.

"தனியே வைக்க இடம் இல்லையே" என்பார்கள். அப்படியானால் புதுக் கோழிக்கும் இடம் இல்லை. அந்தத் தனிக் கூண்டு வீண் செலவும் இல்லை. பின்னால் ஏதாவது கோழி சுணங்கினாலோ, காயம்பட்டாலோ அதுதான் ஆஸ்பத்திரி.

நண்பர் அன்று மாலையே பிரித்துவிட்டார். ஆனால் ஒரு பகல் முழுக்க ஒரே சட்டியில் குடித்தாகிவிட்டது. இனி ஆறையும் புதுக் கோழியாகவே எண்ணிக்கொள்ளுங்கள் என்றேன். அவருக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம்தான்.

காற்றை அடைப்பது

குளிருமே என்று கூட்டை நாலா பக்கமும் அடைத்துவிடுகிறார்கள். கோழியின் உடம்புச் சூடே 41 டிகிரி செல்சியஸ், அதற்கு மேல் இறகுப் போர்வை. குளிரை அது தாங்கும். ஈரத்தையும் எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியாவையும் தாங்காது. அம்மோனியா மூச்சுக்குழாயின் உள்தோலை அரித்துவிடும், அப்புறம் எந்தச் சளியும் சுலபமாகப் பிடிக்கும்.

காலையில் கூட்டைத் திறந்ததும் உங்கள் தலையை உள்ளே விட்டு மூச்சை இழுங்கள். கண் எரிகிறதா? அதுகள் ராத்திரி முழுக்க அங்கேதான் உட்கார்ந்திருந்தன. பரணில் உட்கார்ந்த கோழியின் தலைக்கு மேலே, கூரையை ஒட்டி இரண்டு பக்கமும் வலையடித்த திறப்பு வையுங்கள். காற்று கோழி மேல் நேராக அடிக்காமல் அதன் தலைக்கு மேலாகப் போக வேண்டும்.

குஞ்சுக்கு முட்டைக்கோழித் தீவனம்

ஒரே மூட்டை வாங்கினால் சுலபம் என்று எல்லா வயதுக்கும் ஒரே தீவனம் போடுவார்கள். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச்சத்து 3.5 முதல் 4 சதவீதம் இருக்கும். குஞ்சுக்கு வேண்டியது 1 சதவீதம்தான். மிச்சத்தைக் கழித்துத் தள்ள முடியாமல் அதன் சிறுநீரகம் கெட்டுப்போகும். பெரிய கோழியும் குஞ்சும் சேர்ந்தே மேய்கின்றனவா? குஞ்சுத் தீவனத்தையே எல்லாவற்றுக்கும் போட்டு, கிளிஞ்சல் தூளை ஒரு தனிக் கிண்ணத்தில் வையுங்கள். முட்டையிடுகிற கோழி தேவையானதைத் தானே போய்க் கொத்திக்கொள்ளும்.

சேவல் இல்லாமல் முட்டை வராது

வரும். குஞ்சுதான் வராது.

ஒரே ஒரு கோழி

வேண்டாம். இரண்டும் வேண்டாம், ஒன்று போனால் மற்றது தனி. மூன்றில் தொடங்குங்கள்.

முட்டை நின்றதும் மருந்தைத் தேடுவது

முட்டை நிற்க நோய்தான் வர வேண்டும் என்பதில்லை. வருடத்துக்கு ஒருமுறை கோழி இறகு உதிர்த்துப் புது இறகு முளைக்க விடும். அந்த இரண்டு மூன்று மாதமும் சத்தெல்லாம் இறகுக்கே போய்விடும். பகல் குறைகிற காலத்திலும் முட்டை குறையும், நன்றாக இட அதற்கு 14 மணி நேரமாவது வெளிச்சம் வேண்டும். அடைக்கு உட்கார்ந்த கோழியும் இடாது. கையை நீட்டினால் உடம்பைப் பரப்பிக்கொண்டு உறுமும்.

இது எதுவும் இல்லை என்றால், மருந்துக்கு முன்னால் தோட்டத்தைத் தேடுங்கள். ஒரு சமயம் இரண்டு வாரம் முட்டை வரவில்லை என்று தண்ணீரில் வைட்டமின் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். பூச்செடிக்கு எரு வைக்கக் குனிந்தபோது, அடியில் சருகைக் குழித்து வரிசையாக 17 முட்டை. எது எந்த நாளில் இட்டது என்று யாருக்குத் தெரியும்? வாளித் தண்ணீரில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன், மிதந்தால் பழசு. ஒன்பது மிதந்தன.