வடகத்துக்கு விலை வைக்கும்போது உங்கள் கூலியையும் சேருங்கள்

கூழ் வடகத்துக்குப் பக்குவம் சொல்ல நான் வரவில்லை, அது உங்களுக்கே தெரியும். எங்கள் மகளிர் குழுவின் கணக்கு நோட்டு என்னிடம் இருப்பதால் விலை வைக்கிற வழியை மட்டும் சொல்கிறேன்.

"கிலோ 150க்குக் குடுத்தா போதும்க்கா, வீட்டுல சும்மாதானே இருக்கோம்" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். சும்மாவா? விடியுமுன் மாவு கிளறி, வெயில் ஏறுவதற்குள் பிழிந்து, மறுநாள் திருப்பிப் போட்டு, பாக்கெட் கட்டுவது வரை ஆகும் நேரத்தை எழுதுங்கள். காக்காய் விரட்ட உட்கார்ந்த நேரத்தையும்தான்.

உதாரணத்துக்கு, 10 கிலோ அரிசி போடுகிறீர்கள். அரிசி, ஜவ்வரிசி, மிளகாய், சீரகம், அரவைக் கூலி, விறகு, கவர் எல்லாம் சேர்த்து 1,000 ரூபாய். ஆள் வேலை மொத்தம் 12 மணி நேரம். உடைசல் போக 9 கிலோ தேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 150க்கு விற்றால் 1,350 வரும். செலவு போக மிஞ்சுவது 350, அதாவது மணிக்கு 29 ரூபாய். 2025-26ல் நூறு நாள் வேலைக்கே தமிழ்நாட்டில் நாள் கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரம் என்று பார்த்தால் மணிக்கு 42. அடுப்பு வெக்கையில் நிற்பவளுக்கு அதைவிடக் குறைவா?

அந்த 42ஐ வைத்தால் கூலி ஏறக்குறைய 500. அடக்கம் 1,500, கிலோவுக்கு 167. மழை மாதத்துக்கும் அச்சு தேய்மானத்துக்கும் 20 சதவீதம் சேர்த்து 200 என்று வையுங்கள். கடைக்குக் கொடுப்பதானால் பாக்கெட்டில் கிலோ விலை 250 என்று போட்டு, கடைக்காரருக்கு 50 விடுங்கள். உடைசலைத் தனியாகக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடலாம்.

இந்த விலை கேட்க வேண்டுமானால் சரக்கு நிற்க வேண்டும். ஒடித்தால் டக்கென்று ஒடியணும். வளைந்தால் இன்னொரு வெயில். வெயில் சூட்டோடு கவரில் போட்டால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும், ஆறவிட்டுக் கட்டுங்கள்.

உணவுப் பாதுகாப்புப் பதிவை அதற்கான அரசு இணையதளமான ஃபோஸ்கோஸில் (FoSCoS) செய்யலாம். பதிவில் கிடைக்கும் 14 இலக்க எண், எடை, சேர்மானம், தயாரித்த தேதி, முகவரி, சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளி எல்லாம் கவரில் இருக்கட்டும்.

அப்புறம், கடைக்குக் கடன் வேண்டாம். பழைய பாக்கி வந்த பிறகே அடுத்த மூட்டை. பிழிந்தவளின் பங்கு அவள் பேரில் உள்ள கணக்குக்கே போகட்டும், வீட்டுக்காரர் கணக்குக்கு அல்ல.