ஊருக்கு வரும்போது மலைப்பயணமா? கிலோமீட்டரை நம்பித் திட்டம் போடாதீர்கள்

வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வருகிறவர்களின் மலைப்பயணம் பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுவில்தான் பிறக்கிறது. "முதல் நாள் வால்பாறை, அப்படியே அதிரப்பள்ளி, ரெண்டாம் நாள் மூணாறு, மூணாம் நாள் ஊட்டி, ராத்திரி கோவை வந்துடலாம்" என்று ஒருவர் எழுதுவார். மற்றவர்கள் இதயத்தை அள்ளிப் போடுவார்கள். கோவையில் இருக்கும் மச்சான் மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டார். வண்டியை ஓட்டப் போகிறவர் அவர்தான்.

அந்தத் திட்டத்தில் தூரக் கணக்கு சரியாகத்தான் இருக்கும். கோவையிலிருந்து பொள்ளாச்சி 40 கிலோமீட்டர், அங்கிருந்து வால்பாறை 65. துபாயிலோ டெக்சாஸிலோ இது ஒரு மணி நேர ஓட்டம். இங்கே ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். மலையில் சராசரியாக மணிக்கு 20, 25 கிலோமீட்டர் போனாலே நல்ல வேகம். எதிரே பஸ் வந்தால் வளைவில் ஒதுங்கி நிற்க வேண்டும். ஒன்பதாவது வளைவில் இருக்கும் லோம்ஸ் வியூவில் இறங்காமல் யாரும் போவதில்லை. கீழே ஆழியாறு அணை விரிந்து கிடக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் தடுப்புச் சுவரை ஒட்டியே வரையாடுகள் மேய்ந்து கொண்டிருக்கும். குரங்கு அருவி, டீ, பிள்ளைகளின் வாந்தி எல்லாம் சேர்த்தால் கோவையிலிருந்து வால்பாறைக்கு நான்கைந்து மணி நேரம் ஆகிவிடும்.

மலைப்பயணத்தை எத்தனை கிலோமீட்டர் என்று போடக்கூடாது, எத்தனை மணி நேரப் பகல் கையில் இருக்கிறது என்று போட வேண்டும். இனி வரும் தவறுகள் ஏறக்குறைய எல்லாமே இந்தக் கணக்கை விட்டதால் வருபவைதான்.

ஏழு மணிக்கு இருட்டிவிடும்

லண்டனிலும் டொராண்டோவிலும் ஜூன் மாதம் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். அந்தப் பழக்கத்தில் "சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பினாலும் பாத்துக்கலாம்" என்று தோன்றிவிடுகிறது. நம் ஊரில் ஜூனிலும் ஏழு மணிக்குள் இருட்டுகிறது, டிசம்பரில் ஆறே கால் என்றாலே இருட்டு. மலையில் மேகம் இறங்கினால் நான்கு மணிக்கே ஹெட்லைட் போட வேண்டியிருக்கும்.

இருட்டில் ஓட்டுவது சிரமம் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பல காட்டுச் சாலைகளில் இரவில் போகவே முடியாது. ஊட்டியிலிருந்து முதுமலை, பந்திப்பூர் வழியாக மைசூர் போகும் பாதை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். சத்தியமங்கலத்திலிருந்து 27 வளைவுகள் ஏறும் திம்பம் மலைப்பாதையிலும் 2022 முதல் இரவுக் கட்டுப்பாடு இருக்கிறது. வால்பாறையிலிருந்து மழுக்குப்பாறை வழியாக அதிரப்பள்ளி போகும் சாலை இன்னும் கறார். இரண்டு முனைகளிலும் வனத்துறைச் சாவடி உண்டு. வண்டி எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்வார்கள், பிளாஸ்டிக் பாட்டில் எத்தனை என்று பார்ப்பார்கள், சாயங்காலத்துக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். மதியச் சாப்பாட்டை வால்பாறையில் நிதானமாக முடித்துவிட்டு நான்கு மணிக்குச் சாவடிக்குப் போய் நின்று, திரும்பி வருகிறவர்கள் ஏராளம். மதியம் ஒரு மணிக்குள் மழுக்குப்பாறையை எட்ட முடியாது என்று தெரிந்தால் அன்று அதிரப்பள்ளியை விட்டுவிடுங்கள். வால்பாறையிலேயே பார்க்க நிறைய இருக்கிறது. கூழாங்கல் ஆறு, நல்லமுடி பூஞ்சோலை, புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் என்று ஒரு நாள் போதாது.

வால்பாறையில் சில சாலையோரங்களில் சிவப்பு விளக்கு மினுக்கிக் கொண்டிருக்கும். அதைப் பார்த்தால் பக்கத்தில் யானை நிற்கிறது என்று அர்த்தம். ஊர் மக்களை எச்சரிப்பதற்காக வைத்தது அது. வண்டியை நிறுத்தி இறங்கிப் படம் எடுக்க வந்த அழைப்பு என்று நினைத்துவிட வேண்டாம்.

எந்த லீவுக்கு எந்த மலை

வளைகுடா, அமெரிக்கப் பிள்ளைகளுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை லீவு. வால்பாறை, நீலகிரி, மூணாறு மூன்றிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டுகிற காலமும் அதுதான். 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. எல்லா வருடமும் அப்படி இல்லை. ஆனால் மண் சரிந்து சாலை அடைபடுவதும் மரம் விழுவதும் அந்த மாதங்களில் வழக்கம்தான். படத்தில் பார்த்த பச்சைப் பள்ளத்தாக்கு மேகத்துக்குள் இருக்கும். உங்களுக்குத் தெரிவது வைப்பர் மட்டும். அட்டை கடிப்பது தனிக் கதை.

மழையை ரசிக்கிறவர்களுக்கு அது பரவாயில்லை. காட்சிதான் முக்கியம் என்றால் அந்த மாதங்களில் கிழக்குப் பக்கம் திரும்புங்கள். கொடைக்கானலுக்குப் பெரிய மழை அக்டோபர், நவம்பரில்தான் வரும், ஜூன், ஜூலையில் ஓரளவு தாங்கும். ஏற்காடும் கொல்லிமலையும் உண்டு. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேல் படி இறங்கி, அதே படியை ஏற வேண்டும் என்பதை அப்பா அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் குற்றாலம். சாரலுக்காகவே போகும் இடம் என்பதால் மழை வந்தால் ஏமாற்றம் இல்லை. வெள்ளம் பெருகினால் மட்டும் குளிக்க விடமாட்டார்கள்.

டிசம்பர் லீவுக்காரர்களுக்கு நிலைமை நேர் எதிர். மாதத்தின் பின்பாதியில் வால்பாறையும் ஊட்டியும் பெரும்பாலும் தெளிந்துவிடும். கூட்டம்தான் தொல்லை. கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை ஊட்டி பக்கம் போகாமல் இருப்பது புத்தி என்பது என் கட்சி. தேனி, கம்பம் வழியாகத் தேக்கடி போக நினைப்பவர்கள் அது சபரிமலை சீசன் என்பதை மறந்துவிடுகிறார்கள். கம்பம்மெட்டு ஒரு வழி, குமுளி ஒரு வழி என்று போலீஸ் வண்டிகளைத் திருப்பிவிடும், மேப் சொல்வது அங்கே செல்லாது.

இ-பாஸ் என்ற புதுச் சங்கதி

ஐந்தாறு வருடம் கழித்து வருகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் போக இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு அது. 2025 கோடை சீசனில் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள். ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. 2025 நவம்பரிலிருந்து வால்பாறையும் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. கட்டணம் கிடையாது, ஆன்லைனில் சில நிமிட வேலை. ஆனால் விண்ணப்பத்தில் வண்டி எண் கேட்கும். டாக்ஸிக்காரர் எந்த வண்டி அனுப்புவார் என்பது முதல் நாள் ராத்திரிதான் தெரியும், சீசனில் அதற்குள் அன்றைய இடம் தீர்ந்திருக்கலாம். வண்டி பேசும்போதே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இந்திய எண்ணில் பதிந்தால் ஓடிபி வரும். பழைய சிம் மாதக்கணக்கில் ரீசார்ஜ் இல்லாமல் செத்திருக்கும், அதனால் ஊரில் இருக்கும் ஒருவரிடம் இந்த வேலையைக் கொடுப்பது சுலபம். அறை பதிவு செய்திருப்பது இ-பாஸுக்கு ஈடாகாது. விதிகள் சீசனுக்குச் சீசன் மாறுகின்றன, கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நீலகிரிக்குள் சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் கொண்டு போங்கள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு 36 வளைவுகளில் செங்குத்தாக இறங்கும் கல்லட்டிப் பாதையை மேப் குறுக்கு வழி என்று காட்டும். பெரிய விபத்துகள் நடந்த பாதை அது. வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது, கூடலூர் வழியாகவே போங்கள்.

யார் ஓட்டுவது, எந்த வண்டியில்

"நானே ஓட்டுறேன், எத்தனை வருஷமா ஓட்டிட்டிருக்கேன்" என்பார்கள். அங்கே ஓட்டுகிறார்கள், சரி. இந்திய லைசென்ஸ் காலாவதியாகி ஒரு வருடம் தாண்டியிருந்தால் சும்மா புதுப்பிக்க முடியாது, மறுபடி டெஸ்ட் கொடுக்க வேண்டும். வெளிநாட்டு லைசென்ஸை வைத்து ஓட்டுவதென்றால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை அந்த நாட்டிலேயே வாங்கி, அசல் லைசென்ஸோடு சேர்த்து வைத்திருக்க வேண்டும். இங்கே வந்திறங்கிய பிறகு யோசித்துப் பயனில்லை. சரியான லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி ஏதாவது ஆனால், இன்ஷூரன்ஸ் விஷயத்தில் மாட்டிக்கொள்வது வண்டியைக் கொடுத்த மச்சான்தான்.

தெரிந்தவர் மூலம் வாடகைக்கு வரும் வெள்ளை நம்பர் பிளேட் கார் இன்னொரு பொறி. நாமே ஓட்டும் வாடகைக் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து, டாக்ஸிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. சொந்த உபயோகத்துக்கான வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு விடுவது சட்டப்படி செல்லாது.

வலப்பக்கம் ஓட்டிப் பழகியவர்களுக்குக் கை மாறுவது கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். கொண்டை ஊசி வளைவில் திரும்பப் போகும்போது இண்டிகேட்டர் என்று நினைத்து வைப்பரைத் தட்டிவிட்டு, கண்ணாடியைப் பார்க்கும் அந்த ஒரு நொடிதான் ஆபத்து. கிளம்புவதற்கு முதல் நாள் ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். ஏறி வருகிற வண்டிக்கு வழி விட வேண்டும், வளைவுக்கு முன் ஹாரன் அடிக்க வேண்டும். இறங்கும்போது, ஏறிய அதே கியரில் இறங்க வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் டி-யில் போட்டுவிட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கக் கூடாது. மேனுவல் மோடிலோ எல்-லிலோ போட்டு எஞ்சினே வண்டியைப் பிடிக்கும்படி விடுங்கள். கருகிய வாடை வந்தால் அது பக்கத்து வண்டியுடையது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் அகலமான இடத்தில் ஒதுக்கி, பிரேக் ஆறும் வரை காத்திருங்கள்.

என்னைக் கேட்டால் மலைக்கு டிரைவர் வைத்துக்கொள்வதே நல்லது. ஓட்டுகிறவர் காட்சியைப் பார்க்க முடியாது. பேசும்போதே எல்லாவற்றையும் கேட்டுவிட வேண்டும்: ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டருக்குக் கணக்கு, பேட்டா எவ்வளவு, மலைக்குத் தனிக் காசா, கேரளா பெர்மிட் யார் செலவு என்று. டிரைவர் அண்ணன் ராத்திரி எங்கே படுப்பார் என்பதையும் கேளுங்கள். உங்களுக்கு வியூ உள்ள அறை, அவருக்கு வண்டியின் பின் சீட் என்றால், மறுநாள் 40 வளைவு இறங்கப் போவது ராத்திரி முழுக்கக் குளிரில் தூங்காத ஒருவர்.

பகலைத் தின்பவை

விமானம் அதிகாலையில் இறங்கும், அப்படியே காரில் ஏறி ஊட்டி போய்விடலாம் என்பது கேட்க நன்றாக இருக்கும். அமெரிக்காவிலிருந்து வருகிற உடம்புக்கு மதியம் இரண்டு மணி என்பது நள்ளிரவு தாண்டிய நேரம். முதல் இரண்டு மூன்று நாள் மலையே வேண்டாம். ஒரு நல்லதும் இருக்கிறது: விடியற்காலை மூன்றரைக்கு வீடே விழித்திருக்கும். நான்காம் நாள் அதைப் பயன்படுத்தி ஐந்து மணிக்கே கிளம்பிவிடலாம்.

உறவினர் வீடு அடுத்தது. "பொள்ளாச்சி வழியாத்தானே போறீங்க, ஒருவாய் சாப்பிட்டுட்டுப் போலாங் கண்ணு" என்று பெரியம்மா கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியாது, போகாமல் இருக்கவும் கூடாது. ஆனால் அந்த ஒருவாய் மூன்று மணி நேரம். அதற்குப் பிறகு, வாழையிலைச் சாப்பாடும் பாயசமும் நிறைந்த வயிற்றோடு பிள்ளைகள் மலை ஏற வேண்டும், நேரான சாலையில் வளர்ந்த பிள்ளைகள் எட்டாவது வளைவில் அத்தனையையும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பெரியம்மா வீட்டை இறங்கி வரும் நாளுக்கு மாற்றுங்கள். அப்போது சாவகாசமாக உட்காரலாம், ராத்திரி அங்கேயே தங்கினால் அவர்களுக்கும் சந்தோஷம். ஏறும் நாளில் காலையில் இரண்டு இட்லி போதும். வாந்தி மாத்திரையை மலை அடிவாரத்தில் கொடுத்துப் பயனில்லை, அரை மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும்.

சில்லறை விஷயங்கள்தான், ஆனால் இவையும் நேரத்தைத் தின்னும். இரவல் காரின் ஃபாஸ்டாகில் பணம் இருக்கிறதா என்று சுங்கச்சாவடிக்கு முன்பே பாருங்கள். எஸ்டேட் டீக்கடையில் வெளிநாட்டுக் கார்டு செல்லாது, பத்து இருபது ரூபாய் நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள். மேப்பை ஆஃப்லைனில் இறக்கிவிட்டு, பொள்ளாச்சியிலேயே டேங்கை நிரப்பிவிடுங்கள். ட்ரோனை அங்கிருந்து கொண்டு வராதீர்கள். 2022 முதல் ட்ரோன் இறக்குமதிக்கே தடை இருக்கிறது, புலிகள் காப்பகத்தில் பறக்கவிடுவது அதைவிடப் பெரிய குற்றம். மலையேற்றக்காரர்கள் வைத்திருக்கும் சாட்டிலைட் தொடர்புக் கருவியும் முன் அனுமதி இல்லாமல் இங்கே கூடாது.

திரும்பும் விமானத்துக்கு முதல் நாள் மலையில் இருக்கவே கூடாது. ஒரு மரம் விழுந்தால் போதும், அரை நாள் போய்விடும். இரண்டு நாள் முன்பே இறங்கிவிடுங்கள். ஊறுகாயும் பொடியும் முறுக்கும் எத்தனை கிலோ என்று வீட்டில் தராசு வைத்துச் சண்டை போட எப்படியும் ஒரு முழு நாள் வேண்டும்.